பெட்டி எடுத்த வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்தால் வீடும் வளவும் அவள் பேருக்குப் போகும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு கட்டத் தொடங்குவார்கள். இதில் பெரிதாகச் சண்டை வருவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் வீட்டுக்குள் நிற்கிற சாமானில் எது வீட்டோடு சேர்த்தி, எது சேர்த்தி இல்லை என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொல்லி வைக்கவில்லை. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் புளியந்தீவில், வாவிக்கரை ரோட்டில் இருந்தோம். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், தொய்வுக்காரர். மழை இருட்டினாலே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். எங்கள் ஹோலில் ஒரு பியானோ நின்றது. ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவரிடம் அப்பா வாங்கியது. ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே விடை தெரியாது. வெள்ளைக்காரன் விற்றான், இவர் வாங்கினார், அவ்வளவுதான். ஊரார் யாரும் அதைப் பியானோ என்று சொன்னதில்லை. கோயிலில் இருந்த ஆர்மோனியம் சின்னப் பெட்டி, எங்கள் வீட்டில் நின்றது பெரிய பெட்டி. வாய்க்குச் சுகமாக, வெறும் பெட்டி. செத்தவரை வைத்துத் தூக்குகிற பெட்டிக்கும் எங்கள் ஊரில் அதே பேர்தான். எந்தப் பெட்டி என்பது பேச்சுப் போகிற போக்கில் விளங்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

எனக்கு அதை வாசிக்கக் காட்டித் தந்தவர் கன்னியர் மடத்தில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி. அவர் கப்பலேறித் தன் தேசத்துக்குப் போனபிறகு நானும் அவர் விட்டுப்போன இங்கிலிஷ் புத்தகமும்தான் மிச்சம். இருபத்திமூன்று வயதில் ஒரு பெண்கள் பாடசாலையில் தற்காலிகமாகச் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லண்டன்காரர் நடத்துகிற கடைசிச் சோதினையில் சித்தியடைந்தால் அந்த இடம் எனக்கு நிரந்தரமாகும், இல்லாவிட்டால் அடுத்த வருசம் வேறு ஆளைப் போடுவார்கள். சோதினைக்கு நாலு காலத்து உருப்படிகள் நாலு வாசிக்க வேண்டும். பியானோச் சங்கீதம் எப்படி வளர்ந்து வந்தது என்று வாய்ச்சோதினையும் உண்டு. அதற்கு எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அது போனால் எல்லாம் போச்சு. ஊரில் கையில் படக்கூடிய வேறு பியானோ இருக்கவில்லை. மடத்தில் இருந்ததைக் கறையான் தின்று முடித்திருந்தது.

அப்படியிருக்க அக்காவைப் பெண்பார்க்க வந்தார்கள். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள், சமையலில் கெட்டிக்காரி. மாப்பிள்ளை நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியர். அவருடைய தாய்க்குச் சொந்த ஊர் தெற்கே கடற்கரையோரமாக ஒரு கத்தோலிக்கக் கிராமம். வந்தவர்களுக்குப் பொழுதுபோக அம்மா என்னை ஒரு சின்ன உருப்படி வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாய் கேட்டார்:

"வாசிக்கிறது தங்கச்சிதானே? அப்ப பெட்டி ஆருக்கு?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா செருமிக்கொண்டு, "வீட்டுக்குள்ள நிக்கிறதெல்லாம் வீட்டோடதான்" என்றார்.

ஒரே ஒரு வசனம், பியானோ கைமாறிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் கோபப்படுகிற துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. அவர்கள் போனபிறகு தட்டில் மிஞ்சிய கேக் முழுவதையும் ஒருத்திக்கும் கொடுக்காமல் நானே இருந்து தின்றேன்.

அன்று இரவு சாப்பாட்டில் அம்மா சமாதானம் சொன்னார். "உனக்கும் வீடு வரும் புள்ள. அதுவரைக்கும் பெட்டி இங்கதானே நிக்கும், ஆரு தடுக்கிறது?" அக்கா எனக்குச் சோறு போட்டாள். கலியாணம் தையில் நடந்தது.

அத்தான் நல்ல மனிதர் என்று இப்போது சொல்வேன். அப்போது சொல்லியிருக்கமாட்டேன். மத்தியானம் கந்தோரிலிருந்து சைக்கிளில் வந்து, சாப்பிட்டு, ஹோலுக்குப் பக்கத்து அறையில் ஒரு நித்திரை போடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசிக்க இருக்கிற நேரமும் அதுதான். அக்கா கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "அத்தான் படுக்கிறார், மெல்ல வாசி." சரி என்று மெல்ல வாசிப்பேன். பின்னேரத்தில் அப்பாவுக்கு இழுப்பு, அப்போதும் மெல்ல. மாரியில் வாவிக்காற்றுக்குக் கட்டைகள் ஊதி, அமத்தினால் எழும்பாமல் கிடக்கும், நான் உரக்க வாசிக்க நினைத்தாலும் அது விடாது. உள்ளே ஒரு பல்பைக் கொளுத்தி வைத்து ஈரத்தைப் போக்குவோம். இப்படியே வருசம் போய்க்கொண்டிருந்தது.

பொழுதுபோகாத நாட்களில் அத்தான் என் புத்தகத்தைப் பார்த்து ஏதாவது கேட்பார். சங்கீதத்தில் இது என்ன வகை என்றார் ஒருநாள். சாஸ்திரிய சங்கீதம் என்றேன்.

"சாத்திரமோ? அப்ப எனக்கு எப்ப இடமாற்றம் வருமெண்டு இந்தப் பெட்டிட்டக் கேட்டுச் சொல்லு புள்ள."

ஆளுக்கு எல்லாம் பகிடி. ஆனாலும் நான் விளக்கம் சொன்னேன், எனக்கும் வாய்ச்சோதினைக்குப் பழக்கமாகுமே. இருநூற்றைம்பது வருசத்துக்கு மேலே இத்தாலியில் ஒரு பிரபுவின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் செய்த வேலை இது. அதற்கு முன்பிருந்த கட்டை வாத்தியத்தில் கம்பியை ஒரு இறகுமுள் சுண்டும். செல்லமாகத் தொட்டாலும் அதே சத்தம், கோபத்தில் குத்தினாலும் அதே சத்தம். இவர் இறகை எடுத்துப்போட்டுச் சின்னச் சுத்தியல்களை வைத்தார். விரல் எப்படியோ சத்தமும் அப்படி. அதற்கு வைத்த இத்தாலியப் பேர் 'மெல்லவும் உரக்கவும்' என்று நீளமாகப் போகும். உலகம் சோம்பல்பட்டுப் பாதிப் பேரை விழுங்கிவிட்டது. பியானோ என்றால் வெறுமனே மெல்ல.

அத்தான் தலையை ஆட்டினார். "அதுதானே பாத்தன். இங்க மெல்ல மட்டும்தான் கேக்குது. மற்றப் பாதி எங்க?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். படுக்கவும் வேண்டும், நக்கலும் அடிக்க வேண்டுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனேன்.

பியானோவுக்குச் சங்கீதம் எழுதியவர்களின் பேர் அம்மாவின் வாயில் நுழையாது. அதனால் வீட்டில் அவர்களுக்கு நான் வேறு பேர் வைத்திருந்தேன். முதலாமவர் பிள்ளைக்காரர். ஜெர்மனியில் கோயிலில் வாத்தியம் வாசித்தவர், வீடு நிறையப் பிள்ளைகள். பியானோ பிறந்த புதிதில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று சொன்னாராம், அவர் எழுதியதெல்லாம் பழைய இறகு வாத்தியத்துக்கு. ஆனாலும் அவரில்லாமல் ஒருத்தருக்கும் விரல் படியாது. இரண்டாமவர் பொடியன். பால்குடி மறந்த கையோடு ராசாக்கள் முன்னால் வாசித்தவர், முதல் முதல் சுத்தியல் வாத்தியத்தை ஆசையாகக் கொண்டாடியவர்களில் ஒருவர். மூன்றாமவர் செவிடர். காது போகப்போக அவர் அடி பலத்தது, கம்பிகள் அறுந்தன, வாத்தியம் செய்கிறவர்கள் அவருக்காகவே இன்னும் பலமாகச் செய்ய வேண்டி வந்தது. நாலாமவர் நெஞ்சுவருத்தக்காரர். போலந்தில் பிறந்து பாரிசில் இருமி இருமிச் செத்தவர், அவரைப்போல மெல்ல வாசிக்க ஆளில்லை என்பார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் உண்டு. மேடையில் பியானோவை உலுப்பியெடுத்த ஹங்கேரிக்காரர் ஒருவர் வந்தார், அந்த மாதிரி அடியைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டம் போட்டார்கள். தண்ணீரில் வெளிச்சம் அசைகிற மாதிரி எழுதிய பிரான்சுக்காரரும் உண்டு. எனக்குச் சோதினைக்கு விழுந்தது முதல் நாலு பேர்.

நெஞ்சுவருத்தக்காரர் எனக்கு நன்றாக வந்தார். வராமல் எப்படி, எங்கள் வீட்டில் அனுமதி இருந்தது அவருக்குத்தானே. செவிடர்தான் வரவில்லை. அவரை மெல்ல வாசிப்பது செத்த மீனுக்குத் தூண்டில் போடுவதுபோல. விரல் எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போகும், உள்ளே உயிர் இராது. சோதினைக்கு முன் ஒரு நாளாவது உரக்க வாசித்துவிட வேண்டும் என்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சோதினைக்கு ஒரு மாதம் இருக்கையில் அக்காவின் மாமி வந்தார். அத்தானுக்குச் சின்ன வயதில் நெருப்புக்காய்ச்சல் கண்டபோது தங்கள் ஊர்க் கோயிலுக்கு ஏதாவது செய்வதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாராம். அந்த நேர்த்தியை இப்போது முடிக்கப்போகிறார்களாம். என்ன கொடுக்கிறார்கள் என்று அம்மா கேட்டார். பெட்டியை என்றார் மாமி. கோயிலில் கிடக்கிற ஆர்மோனியத்தை எலி கடித்துவிட்டது, வாற சனிக்கிழமை லொறி வரும்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "நேர்த்திதானே" என்றாள், கையை நிறுத்தாமல்.

"சோதினை முடியுமட்டும் பொறுங்களன் மாமி" என்று நான் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. கோயில் பெருநாளுக்கு முன் கொடுக்க வேண்டும் என்றார் மாமி. அப்பா கூரையைப் பார்த்தார். வீடு அக்காவின் பேரில் போய்விட்ட பிறகு அவர் வாய் திறக்க நியாயமில்லை. அத்தானிடம் போய்ச் சொல்ல என் மானம் விடவில்லை. பெட்டி போனால் அவருக்கு நல்ல நித்திரை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாமியை நான் மனதுக்குள் திட்டாத திட்டில்லை. நாசமாய்ப் போவாள் என்றுகூடத் திட்டினேன், நேர்த்தி வைத்த ஒரு மனுசியை.

சனிக்கிழமை காலை லொறி வந்தது. சித்தாண்டியில் நெல் ஏற்றுகிற லொறி, றைவருக்கு எங்கள் ரோட்டுப் பழக்கமில்லை. சந்திக் கடையில் நிறுத்தி வழி கேட்டிருக்கிறான். எப்படிக் கேட்டான் என்பதைப் பிறகு கடைக்காரரே வந்து சொன்னார்: "இந்த ரோட்டில பெட்டி எடுக்கிற வீடு எது?"

கடையில் நின்றவர்களுக்கு விளங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த ரோட்டில் சாகக் கிடந்தவர் ஒரே ஒரு ஆள், தொய்வுக்காரர் என் அப்பா. முதல்நாள் இரவு முழுக்க மழை வேறு.

லொறியோடு வந்த ஆட்கள் பெட்டியைக் கயிறு போட்டு ஹோலிலிருந்து தள்ளி விறாந்தை வரை கொண்டுவந்துவிட்டார்கள். படி இறக்கப் பலகை வேண்டும் என்று ஒருவன் போனான். அந்த இடைவேளையில்தான் எங்களுக்குப் பின்னால் குடியிருந்த பின்வளவு மாமி வெள்ளைச் சீலையோடு, அவிழ்த்த தலையோடு, கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ட அண்ணோ! எங்கள இப்பிடி விட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணோ!"

அப்பா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். "நான் எங்கயும் போகல்ல. தேத்தண்ணி குடிக்கிறன்" என்றார்.

மாமி அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், கையில் குடையோடு இரண்டு கிழவர்கள், கோயில் வேலைகளைப் பார்க்கிற மூப்பர், பூமாலையோடு ஒருத்தர். முற்றம் நிறைந்துவிட்டது. அப்பா உயிரோடிருப்பதை ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் பெட்டியின் மேலேயே வைத்தார். நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை.

"அப்ப ஆருக்குகா பெட்டி?" என்றார் பின்வளவு மாமி, மூச்சு வாங்கிக்கொண்டு.

அதுவரை வாயே திறக்காதிருந்த அம்மா சொன்னார்: "இவள்ட பெட்டிதான் போகுது. சோதினைக்கு வாசிக்கிற பெட்டி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செத்தவீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. என் சிரிப்பு நின்றுவிட்டது.

"வந்தது வந்தாச்சு. கடைசியா ஒருக்கா வாசி புள்ள, கேப்பம்" என்றார் பின்வளவு மாமி, முந்தானையை விரித்துப் படியில் இருந்துகொண்டு. அக்காவின் மாமி பலகை வந்துவிடும் என்று முணுமுணுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மாலையை எடுத்துக் கீழே வைத்தேன். ஸ்டூல் லொறியில் ஏறிவிட்டது. குசினியிலிருந்து யாரோ ஒரு வாங்கை இழுத்து வந்து போட்டார்கள்.

ஒழுங்குப்படி பிள்ளைக்காரரில் தொடங்கினேன். வலக்கை ஒன்றைச் சொல்லும், இடக்கை அதையே பிந்திச் சொல்லும், பிறகு இரண்டும் விட்டுக்கொடுக்காமல் ஓடும். "ஒரு கை சொன்னத மற்றக் கை திருப்பிச் சொல்லுது. மாமியும் மருமகளும் கதைக்கிற மாதிரி" என்றார் பின்வளவு மாமி. முற்றம் சிரித்தது. அடுத்தது பொடியன். இடுப்பில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை வாயை மூடியது. இவ்வளவு சிரித்துச் சிரித்து எழுதியவர் முப்பத்தைந்து வயதில் செத்துப்போனார் என்று, சோதினைக்காரருக்குச் சொல்வதுபோல, அவர்களுக்குச் சொன்னேன். "ஐயோ, பாவம்" என்றார்கள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மூன்றாவது செவிடர். கையைத் தூக்கியபோதுதான் எனக்குப் பட்டது, அத்தான் நித்திரை கொள்ளவில்லை, என் முன்னாலேயே நிற்கிறார். அப்பாவுக்கு இழுப்பு இல்லை. பெட்டி எப்படியும் போகிறது. பிறகென்ன? குத்தினேன். அந்தப் பியானோவிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நானே கேட்டதில்லை. விறாந்தைத் தகரம் அதிர்ந்தது, ரோட்டில் சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்றார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் இரண்டடி தள்ளிப் போனான். என் கை நோகவில்லை, எங்கோ ஒரு கட்டை ஒட்டிக்கொண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. சந்தோசம். வேறு சொல் தேடத் தேவையில்லை, வெறும் சந்தோசம்.

கடைசியில் நெஞ்சுவருத்தக்காரர். அவரை வாசிக்கையில் முற்றத்தில் விசும்பல் கேட்டது. அழ என்று வந்தவர்கள், அழுதுவிட்டுத்தானே போவார்கள். அப்பாவும் கண்ணைத் துடைத்தார், அவருக்கு வந்த அழுகை எதற்கென்று தெரியவில்லை.

முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்கள் எங்கள் ஊரில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அன்று ஒருத்தரும் சொல்லவில்லை. அப்பா உயிரோடு கதிரையில் இருக்க, பின்வளவு மாமிகூட என் தோளைத் தொட்டுவிட்டுப் பேசாமல் கேற்றைத் தாண்டிப் போனார்.

ஆட்கள் பெட்டியைப் பலகையில் இறக்கும்போது அத்தான் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இவ்வளவு சத்தம் இதுக்குள்ள கிடந்திருக்கு. ஏன் புள்ள இத்தனை நாளும் பூனை மாதிரி வாசிச்சனீ?"

"நீங்கதானே மெல்ல வாசிக்கச் சொன்னது. உங்கட நித்திரைக்கு."

"நானோ?" என்றார். "நான் படுத்தா லொறி ஏறினாலும் எழும்பமாட்டன். நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லல்ல. இந்தப் பெட்டியக் குடுக்கவும் நான் சொல்லல்ல. எங்கட அம்மா கோயிலுக்கு ஒரு மணிதான் வாங்கிக் குடுக்க இருந்தவ."

லொறி வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. நான் நேரே குசினிக்குப் போனேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றாள். வெளியில் வாசித்தபோதும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"அத்தான் மெல்ல வாசிக்கச் சொல்லவே இல்லையாமே" என்றேன்.

"ஓம். சொல்லல்ல."

"பெட்டியக் குடுக்கச் சொன்னதும் நீதானா?"

அவள் அகப்பையை வைத்தாள். கோபமில்லாத குரலில்தான் சொன்னாள். "மடத்துக்குப் பெட்டி பழக முதல்ல போனது நான். மூண்டு மாசம் போனன். மறுகா அம்மா வருத்தத்தில படுக்க, குசினிக்கு ஆள் வேணுமெண்டு என்னை மறிச்சிட்டு உன்னை அனுப்பினாங்க. உனக்கு ஏழு வயசு, உனக்கு ஞாபகமிராது. அண்டையிலயிருந்து இந்தக் குசினியில நிண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். இது இப்ப என்ட வீடு. என்ட வீட்டிலயாவது எனக்கு அது கேக்காம இருக்கவேணும்."

அவள் சொன்னது உண்மையா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சோதினைக்கு நான் போகவில்லை. அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். அதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம் பெட்டி நின்ற இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது குசினியில் பாட்டுக் கேட்டது. அக்கா ஏதோ வேலை செய்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. என்ன பாட்டு என்று இப்போது எனக்கு நினைவில்லை. சுருதி ஒரு இடத்திலும் பிசகவில்லை, என்னுடையதைவிடச் சுத்தமான சுருதி. விளக்குமாற்றோடு நின்று முழுக்கக் கேட்டேன். அதற்குப் பிறகு அவளோடு கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.